ஒவ்வொரு மணிக்கும் ஒரு வயது

வானொலி என்றாலே பாட்டு என்று பழகியவர்களுக்கு பிபிசி ரேடியோ 4 கொஞ்சம் விசித்திரமான சரக்குதான். நாள் முழுக்கப் பேச்சு. செய்தி, விவாதம், நாடகம், புத்தக வாசிப்பு, நகைச்சுவை, வழிபாடு, வானிலை என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். 1967 செப்டம்பர் 30 அன்று அதற்கு இந்தப் பெயர் வந்தது. அதற்கு முன்னால் அது ஹோம் சர்வீஸ். ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்த அதே நாளில், 1939 செப்டம்பர் 1 அன்று, பிபிசி தன் உள்நாட்டு ஒலிபரப்புகளை ஒன்றாக்கித் தொடங்கிய நிலையம் அது. பிறப்புச் சான்றிதழிலேயே போர் இருக்கிறது.

இந்த நிலையத்தின் வரலாற்றை ஆண்டு வரிசைப்படி சொல்லலாம். ஆனால் ஒரே ஒரு நாளின் நிகழ்ச்சி நிரலை எடுத்துவைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தாலும் போதும். 2023-இல் ஏதோ ஒரு வியாழக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் நிரல் மாறிவிட்டது, அதனால் அதற்கு முந்தைய ஆண்டு. முதல் பார்வைக்கு ரயில் கால அட்டவணை மாதிரிதான் இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வயது இருப்பது தெரியும். ஒன்று 1946-இல் பிறந்தது, ஒன்று 1951-இல், ஒன்றின் வேர் 1859 வரை போகிறது. ஒவ்வொன்றும் யாரோ பயந்ததால் வந்தது, அல்லது யாருக்கோ தேவைப்பட்டதால் வந்தது. பயம் போனது, தேவையும் தீர்ந்தது. நிகழ்ச்சி மட்டும் அதே நேரத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஏன்?

காலை 5.20

நாள் தொடங்குவது கடலில். கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, வைக்கிங், நார்த் உட்சிரா, சவுத் உட்சிரா, ஃபார்ட்டீஸ், குரோமார்ட்டி, ஃபோர்த், டைன், டோகர் என்று கடிகாரச் சுற்றில் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். காற்றின் திசை, வேகம், மழை, பார்வைத் தூரம். அவ்வளவுதான். ஒரு வினைச்சொல்கூடக் கிடைப்பது அபூர்வம். மொத்தமே 350 சொற்களுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. 'விரைவில்' என்றால் 6 மணி முதல் 12 மணி நேரத்துக்குள், 'பின்னர்' என்றால் 12 மணி நேரத்துக்கு அப்புறம். 'பார்வை நன்று' என்றால் 5 கடல் மைலுக்கு மேல் தெரியும் என்று பொருள். சொற்களுக்கு இவ்வளவு கறாராக அர்த்தம் வைத்திருக்கும் இன்னொரு இடம் சட்டப் புத்தகமாகத்தான் இருக்கும்.

இதன் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1859 அக்டோபரில் மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல், வேல்ஸ் கரைக்குப் பக்கத்தில் புயலில் உடைந்தது. 400 பேருக்கு மேல் செத்தார்கள். ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களில் சம்பாதித்த தங்கத்தோடு ஊர் திரும்பியவர்கள் அதில் பலர். அப்போது அரசின் வானிலைத் துறைத் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை உலகம் சுற்ற அழைத்துப்போன 'பீகிள்' கப்பலின் கேப்டன் இவர்தான். புயல் வருவதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1861-இல் தந்தி வழியாகத் துறைமுகங்களுக்கு எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். சேதி வந்ததும் துறைமுகத்தில் கூம்பையும் உருளையையும் கம்பத்தில் ஏற்றுவார்கள். நம் துறைமுகங்களில் இன்றும் ஏற்றுகிறார்களே புயல் எச்சரிக்கைக் கூண்டு, அது இந்தப் பழக்கத்தின் உறவுக்காரன்தான்.

கணிப்பு தப்பியபோதெல்லாம் பத்திரிகைகள் அவரைக் கேலி செய்தன, அறிவியலாளர்கள் முகம் சுளித்தார்கள். 1865-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு எச்சரிக்கையையே நிறுத்திவிட்டார்கள். அப்புறம்தான் கதையின் முக்கியமான கட்டம்: கடலுக்குப் போகிறவர்கள் எங்களுக்கு அது வேண்டும் என்று கேட்டார்கள், 1867-இல் எச்சரிக்கை திரும்ப வந்தது. அறிவாளிகள் கைவிட்டதைப் பயன்படுத்தியவர்கள் மீட்டார்கள். 1920-களில் அது வானொலிக்கு ஏறியது. 2002-இல் 'ஃபினிஸ்டர்' என்ற கடல் பகுதிக்கு 'ஃபிட்ஸ்ராய்' என்று பெயர் மாற்றினார்கள். 137 வருஷம் கழித்து ஒரு மன்னிப்பு மாதிரி.

ஆனால் எல்லாப் போராட்டமும் ஜெயிக்காது. 2006 வரை 5.30-க்கு ஒரு இசைக்கோவை ஒலிக்கும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நாட்டுப்புற மெட்டுகளைப் பின்னிச் செய்தது. பெயர் 'யுகே தீம்'. செய்தவர் ஃப்ரிட்ஸ் ஷ்பீகல், நாஜிகளிடமிருந்து தப்பிச் சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்த ஆஸ்திரிய யூதர். ஒரு தேசம் தினமும் கண் விழித்த மெட்டை ஒரு அகதிதான் கட்டிக்கொடுத்தார். செய்திக்கு இடம் வேண்டும் என்று நிலையத் தலைவர் மார்க் டமேசர் அதை எடுத்தார். மனு போட்டார்கள், நாடாளுமன்றத்தில்கூடப் பேச்சு எழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

காலை 6

ஆறு 'பிப்' சத்தம். 1924 பிப்ரவரி 5 முதல் ஒலிக்கிறது. கடைசி பிப் தொடங்கும் கணம்தான் சரியான மணி. அதைக் கேட்டுத்தான் வீட்டுக் கடிகாரங்களைச் சரிசெய்தார்கள். அதைத் தொடர்ந்து 'டுடே', மூன்று மணி நேரச் செய்தி நிகழ்ச்சி.

1957 அக்டோபர் 28 அன்று இது தொடங்கியபோது 20 நிமிடத் துண்டுகள் இரண்டு, அவ்வளவே. காலைக் காப்பியோடு கேட்க லேசான விஷயங்கள். நெடுங்காலம் நடத்திய ஜாக் டி மானியோ நேரத்தைத் தப்பாகச் சொல்வதற்கே பேர் போனவர். கடிகாரத்துக்காகவே வைத்த நிகழ்ச்சியில் மணி தெரியாத ஒரு மனிதர்! மக்கள் அதையும் ரசித்தார்கள். போகப்போக அது அமைச்சர்களைக் குறுக்கு விசாரணை செய்யும் மேடையாக மாறியது. 8.10-க்கு வரும் நேர்காணல்தான் அன்றைய அரசியலின் தலைப்பைத் தீர்மானிக்கும் என்ற நிலை வந்தது.

அதில் ஒரு காலையை மட்டும் சொல்ல வேண்டும். 2003 மே 29, மணி 6.07. செய்தியாளர் ஆண்ட்ரூ கில்லிகன் எழுதிவைக்காமல் நேரலையில் பேசுகிறார். இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொன்ன அரசு ஆவணத்தில், 45 நிமிடத்தில் தாக்க முடியும் என்ற வாதம் தவறு என்று தெரிந்தே சேர்க்கப்பட்டிருக்கலாம் என்ற பொருளில் சொல்கிறார். சில நிமிடப் பேச்சு. ஜூலையில், அந்தச் செய்தியின் மூலம் என்று வெளியே பெயர் வந்த ஆயுத ஆய்வாளர் டேவிட் கெல்லி இறந்துகிடந்தார். 2004 ஜனவரியில் ஹட்டன் விசாரணை அறிக்கை பிபிசியைக் கடுமையாகக் குறைசொன்னது. தலைவர் கேவின் டேவிஸ், தலைமை இயக்குநர் கிரெக் டைக் இருவரும் பதவி விலகினார்கள். இராக்கில் அந்த ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. ஊர் பாதித் தூக்கத்தில் இருக்கும் 6.07-க்கு ஒரு வாக்கியம் கொஞ்சம் இறுக்கம் குறைந்து வெளியே வந்தது, அதன் விலை இவ்வளவு.

காலை 9

வியாழன் என்பதால் 'இன் அவர் டைம்'. மூன்று பேராசிரியர்கள், ஒரு விஷயம், 45 நிமிடம். 1998 அக்டோபரில் தொடங்கியது. மெல்வின் பிராக் பிரபுக்கள் அவையில் தொழிற்கட்சி உறுப்பினர் ஆனதால் திங்கள் காலை நிகழ்ச்சியை விட வேண்டி வந்தது. அவருக்குக் கொடுத்த வியாழன் 9 மணியை நிலையத்துக்குள் உருப்படாத நேரம் என்றே பேசிக்கொண்டார்களாம். அந்த நேரத்தில்தான் அவர் ஆயிரம் நிகழ்ச்சிகளைத் தாண்டினார். நம்மில் சிலருக்கு ரேடியோ 4 தெரிந்ததே இதன் வழியாகத்தான், அதுவும் பாட்காஸ்டாக, ராத்திரி பஸ்ஸில். அங்கே அதற்கு ஒரு கிழமையும் ஒரு மணியும் இருந்ததே நமக்குத் தெரியாது.

காலை 10

'வுமன்ஸ் அவர்'. பெண்களுக்கான மணி. 1946 அக்டோபர் 7 அன்று பகல் 2 மணி நிகழ்ச்சியாகத் தொடங்கியது. போர்க்காலத்தில் தொழிற்சாலைக்குப் போன பெண்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள், அல்லது திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, குழந்தை தூங்கும் நேரம் 2 மணி. அந்த அரைத் தூக்க நேரத்தைக் குறிவைத்து இந்த ஒரு மணி. முதல் தொகுப்பாளர் யார் தெரியுமா? ஆலன் ஐவிமி என்ற ஆண். நேயர்களுக்குச் சுருக்கென்றது. எங்களுக்குப் புத்தி சொல்ல ஒரு ஆம்பளை எதற்கு என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே அவர் இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள்.

அப்புறம் அந்த மணிக்குள் நடந்தது யாரும் திட்டமிட்டதல்ல. சமையல் குறிப்புக்கும் தையலுக்கும் நடுவில், 1940-களிலேயே மாதவிடாய் நிற்பதைப் பற்றிப் பேசினார்கள். மேலிடத்து ஆண்கள் சங்கடத்தில் நெளிந்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு என்று ஒதுக்கிய மணி, வீட்டுக்குள் பேச முடியாததைப் பேசும் மணியாக ஆனது. 1991-இல் அதைக் காலைக்கு மாற்றியபோது எதிர்ப்பு கிளம்பியது. பகல் 2 மணி என்னுடையது, அதைத் தொடாதே என்பதுதான் அந்தக் கடிதங்களின் சாரம். நிலையம் இறங்கிவரவில்லை. ஆனாலும் நிகழ்ச்சி பிழைத்தது.

மகளிருக்கு ஒரு நேரம், உழவருக்கு ஒரு நேரம், செய்திக்கு ஒரு நேரம் என்ற இந்தப் பிரிப்பு நமக்கும் அந்நியமில்லை. 1935-இல் இந்திய ஒலிபரப்பின் முதல் கட்டுப்பாட்டாளராக வந்த லயனல் ஃபீல்டன் பிபிசியிலிருந்து வந்தவர். அடுத்த ஆண்டு ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வைத்தது அவர் காலத்தில்தான். ஒரே பட்டறையில் அடித்த இரண்டு கடிகாரங்கள்.

பகல் 12.01

மறுபடியும் கப்பல் வானிலை, ஆனால் இந்தத் தடவை நீண்ட அலையில் மட்டும். அதே நேரத்தில் பண்பலையில் வேறு நிகழ்ச்சி. ஒரே நிலையம் இங்கே இரண்டாகப் பிரிகிறது.

1978 நவம்பர் 23 அன்று ரேடியோ 4 நீண்ட அலைக்கு வந்தது. வூஸ்டர்ஷையரில் உள்ள டிராய்ட்விச் கோபுரத்திலிருந்து கிளம்பும் அந்த அலை பண்பலை மாதிரி மலைக்குப் பயந்து நிற்காது. கடல் தாண்டி பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து வரை போகும். மீன்பிடிப் படகுக்கும் கேட்கும். பிற்காலத்தில் கிரிக்கெட் டெஸ்ட் வர்ணனையும் அதில்தான் வந்தது. இன்னொரு ரகசிய வேலையும் அதற்கு இருந்தது. அந்த அலையோடு காதுக்குக் கேட்காத ஒரு சமிக்ஞையும் போகும். இரவு நேர மலிவுக் கட்டணத்துக்கு மாறும்படி வீடுகளின் மின் மீட்டர்களுக்கு அது சொல்லும். பலரது வீட்டு வெந்நீர் ரேடியோ 4 அலையை நம்பி இருந்தது என்றால் நம்புவீர்களா? 2025 ஜூன் 30-இலிருந்துதான் அதைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள்.

1991 வளைகுடாப் போரின்போது பண்பலையை முழு நேரப் போர்ச் செய்திக்கு ஒதுக்கினார்கள். அந்த ருசியில், நீண்ட அலையை நிரந்தரச் செய்தி நிலையமாக்கலாம் என்று பிபிசி திட்டம் போட்டது. நேயர்கள் கொதித்துப்போனார்கள். 1993-இல் லண்டனில் பிபிசி தலைமையகத்துக்கு ஊர்வலம் போனார்கள். நடுத்தர வயது, நல்ல கோட்டு, நல்ல பழக்கவழக்கம். கோஷத்தின் கடைசியில் 'ப்ளீஸ்' என்று சேர்த்துக்கொண்டார்கள் என்பது இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை. சிரிக்கலாம். ஆனால் பிபிசி பின்வாங்கியது. செய்திக்கும் விளையாட்டுக்கும் தனியாக 1994-இல் ரேடியோ 5 லைவ் வந்தது. குரலை உயர்த்தாத கூட்டத்துக்குக் காது கொடுக்கிறார்களே என்று பொறாமைப்படவும் இடமிருக்கிறது. எல்லா ஊர்வலத்தையும் எந்த நாடும் இப்படி வரவேற்பதில்லை.

மாலை 6

பிக் பென் அடிக்கிறது. பதிவு இல்லை, மணிக்கூண்டில் உள்ள ஒலிவாங்கி வழியாக நேரலை. 1923 டிசம்பர் 31 நள்ளிரவில் தொடங்கிய பழக்கம். பிறகு செய்தி வாசிப்பவரின் குரல்.

அந்தக் குரல் யாருடையது என்பதில்தான் இந்த நாளின் கசப்பான பகுதி இருக்கிறது. போருக்கு முன் பிபிசி செய்தி வாசிப்பவர்களுக்குப் பெயர் கிடையாது, ஒரே மாதிரி மேட்டுக்குடி உச்சரிப்பு. 1940-இல் எதிரி நாடு போலிச் செய்தி ஒலிபரப்பிவிடுமோ என்ற பயத்தில் வாசிப்பவர்கள் தங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். 1941-இல் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் என்ற யார்க்‌ஷையர்காரரை ஹோம் சர்வீஸில் வாசிக்க வைத்தார்கள். கட்டிடத் தொழிலாளியின் மகன், வடக்கத்திப் பேச்சு. புகார்க் கடிதங்கள் வந்தன. இந்த உச்சரிப்பில் வருகிற செய்தியை நம்பவே முடியவில்லை என்பது ஒரு முக்கியப் புகார். வேடிக்கை என்னவென்றால், அதே உச்சரிப்பில் பேசுகிறவர்கள்தான் அப்போது அந்த நாட்டுக்காக ஆலைகளிலும் போர்முனையிலும் செத்துக்கொண்டிருந்தார்கள்.

65 வருஷம் கழித்து, 2006-இல், நீல் நூன்ஸ் ரேடியோ 4 அறிவிப்பாளராக வந்தார். ஆழமான, அழகான குரல், ஜமைக்கா உச்சரிப்பு. மறுபடியும் புகார்கள் கிளம்பின. மனிதர்கள் மாறிவிட்டார்கள், கடிதம் மாறவில்லை. அவர் வாசித்துக்கொண்டே இருந்தார், கப்பல் வானிலை உட்பட.

எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பது ஒரு தேசத்தைக் கட்டும் என்று சொல்வது எளிது. அந்த 'எல்லோரும்' யார் என்று முடிவு செய்வதும் அதே ஒலிவாங்கிதான். இந்த நிலையத்தைப் பாதுகாக்க எழுதிய அதே கைகள்தான் பிக்கிள்ஸையும் நூன்ஸையும் எதிர்த்து எழுதியிருக்கும். பாசமும் வேலி கட்டும்.

இரவு 7

'தி ஆர்ச்சர்ஸ்'. கற்பனையான ஆம்பிரிட்ஜ் கிராமத்தின் தொடர் நாடகம். 1950-இல் மிட்லண்ட்ஸ் பகுதியில் சோதனை ஒலிபரப்பு, 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க. போர் முடிந்தும் ரேஷன் முடியவில்லை, 1954 வரை நீடித்தது. உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும், விவசாயிக்குப் புது முறைகளைச் சொல்ல வேண்டும், ஆனால் பாடம் நடத்தினால் எவனும் கேட்க மாட்டான். காட்ஃப்ரி பேஸ்லி என்ற தயாரிப்பாளர், விவசாய அமைச்சகத்தின் ஆலோசனையோடு, பாடத்தைக் குடும்பக் கதைக்குள் ஒளித்துவைத்தார்.

1955 செப்டம்பர் 22 அன்று நாட்டின் முதல் வணிகத் தொலைக்காட்சியான ஐடிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே இரவு ஆம்பிரிட்ஜில் லாயம் தீப்பிடிக்க, குதிரையைக் காப்பாற்றப் போன இளம் மனைவி கிரேஸ் இறந்தாள். கேட்டவர்கள் சுமார் 2 கோடி பேர் என்பார்கள். மறுநாள் நாளிதழ்களில் ஐடிவிக்குப் போட்டியாக கிரேஸின் சாவு இருந்தது.

அது தந்திரம் என்றால், 2016-இல் நடந்தது வேறு ரகம். ஹெலன் என்ற பாத்திரத்தை அவள் கணவன் ராப் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்குகிறான். தோழிகளிடமிருந்து பிரிக்கிறான், உடையைத் தீர்மானிக்கிறான், உனக்குத்தான் புத்தி சரியில்லை என்று நம்பவைக்கிறான். ஏறக்குறைய மூன்று ஆண்டு, தினம் 13 நிமிடம், மெதுவாக. அப்படிக் கட்டுப்படுத்துவதையே குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2015 டிசம்பர் கடைசியில்தான் அமலுக்கு வந்திருந்தது. 2016 ஏப்ரலில் ஹெலன் அவனைக் கத்தியால் குத்தியபோது நாடே விவாதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவ நேயர்கள் 1 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். சினிமாவில் இதை 2 மணி நேரத்தில் காட்டியிருந்தால் அவள் ஏன் விட்டுப் போகவில்லை என்று கேட்டிருப்போம். வருஷக்கணக்கில் அதே மணிக்குக் கேட்டவர்களுக்கு அந்தக் கேள்வி எழவில்லை. அவளோடு சேர்ந்து அவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நள்ளிரவு 12.48

11.30-க்கு அன்றைய நாடாளுமன்றம். அது 1945-இலிருந்து. 12-க்கு மறுபடி பிக் பென். அப்புறம் ரொனால்ட் பிங்கின் 'செய்லிங் பை' என்ற தாலாட்டு மாதிரியான மெட்டு. அது முடிந்ததும் கடைசிக் கப்பல் வானிலை. வைக்கிங், நார்த் உட்சிரா என்று மறுபடி ஒரு சுற்று. பிறகு தேசிய கீதம். 1 மணிக்கு நிலையம் தன் அலையை உலக சேவைக்குக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறது.

கப்பல்களுக்கு இந்த அறிக்கை இன்று அவசியமில்லை. செயற்கைக்கோளும் கணினியும் இருக்கின்றன. கேட்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு படகைக்கூடத் தொடாதவர்கள். தூக்கம் வராதவர்கள், இரவு வேலைக்காரர்கள், தனியாக இருப்பவர்கள். கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இவர்களிடம்தான் இருக்கிறது. ஃபிட்ஸ்ராய் சொன்ன சேதி 'ஜாக்கிரதை' என்பது. படுக்கையில் இருப்பவருக்கு அதே சேதி 'நீ கரையில் இருக்கிறாய்' என்று கேட்கிறது. சொற்கள் அப்படியே இருக்க, கேட்பவர்கள் அவற்றுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். வுமன்ஸ் அவருக்கும் ஆர்ச்சர்ஸுக்கும் நடந்தது இதேதான். ஒரு நிகழ்ச்சி பிழைப்பது அது பிறந்த காரணத்தால் அல்ல, நேயர்கள் பிறகு கண்டுபிடித்த காரணத்தால்.

வரலாற்றாசிரியர் பீட்டர் ஹென்னஸி பதிவு செய்த ஒரு செய்தி உண்டு. அணு ஏவுகணையோடு கடலடியில் இருக்கும் பிரிட்டிஷ் நீர்மூழ்கியின் தளபதி, தாய்நாடு இன்னும் இருக்கிறதா என்று அறியப் பார்க்கும் அடையாளங்களில் ரேடியோ 4 ஒலிக்கிறதா என்பதும் ஒன்றாம். விவசாயக் குறிப்பும் சமையல் பேச்சும் வந்துகொண்டிருந்தால் நாடு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

2024 ஏப்ரலிலிருந்து நீண்ட அலைக்கென்று தனி நிகழ்ச்சிகள் இல்லை. கப்பல் வானிலையின் எண்ணிக்கையும் குறைந்தது. இன்று செயலியில் எதையும் எப்போதும் கேட்கலாம். 2 மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்தாக வேண்டும் என்று எந்தப் பெண்ணுக்கும் கட்டாயமில்லை. அது சின்ன விடுதலை இல்லை. பதிலுக்கு ஒன்று போயிருக்கிறது. முகம் தெரியாத லட்சம் பேர் இதே வார்த்தையை இதே நொடியில் கேட்கிறார்கள் என்ற அந்த நிச்சயம்.

அந்த ஆறு பிப் சத்தம் இன்றும் ஒலிக்கிறது. டிஜிட்டல் வானொலியில் அது சில நொடி தாமதமாக வருகிறது, இணையத்தில் இன்னும் தாமதமாக, ஒவ்வொரு கருவியிலும் வேறு வேறு அளவில். ஒரே வீட்டில் சமையலறையில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றும் ஓடினால் 6 மணி இரண்டு தடவை ஆகும். அதை வைத்து இனி யாரும் கடிகாரத்தைத் திருத்த முடியாது.